பீவர் குளத்து அக்கா

ஓகஸ்ட் 28, வியாழன்

முதலில் ஒரு களவை ஒப்புக்கொள்கிறேன். நர்ஸ் கௌசி போன மாதம் எனக்கு ஒரு மணிக்கூடு தந்தாள். கையில் கட்டிக்கொண்டு நடந்தால் எத்தனை அடி நடந்தோம் என்று அதுவே எண்ணும். நான் அதை எங்கள் கலியாண மண்டபத்துச் சமையலறையில் ரொட்டி மா குழைக்கும் மெஷினின் சுற்றுகிற தண்டில் கட்டிவிட்டேன். அன்றைக்கு முந்நூறு பேருக்கு ரொட்டி. மெஷின் சுற்றச் சுற்ற அது எண்ணியது.

இன்றைக்கு கிளினிக்கில் கௌசி அதைப் பார்த்தாள். இந்த நாட்டிலேயே பிறந்த பிள்ளை, தமிழைக் கொஞ்சம் தேடித் தேடித்தான் கதைப்பாள்.

"அங்கிள், சனிக்கிழமை நீங்கள் நாப்பத்தோராயிரம் அடி நடந்திருக்கிறீங்கள்."

"கால் இன்னும் இளமை, பிள்ளை."

"அதுவும் ஒரே இடத்தில நிண்டு."

கையை மேசைக்கு அடியில் ஒளித்தேன்.

இரண்டு தண்டனை தந்தாள். ஒன்று, இனிச் சனிக்கிழமை காலையில் சீனி வியாதிக்காரரோடு சேர்ந்து காட்டுக்குள் நடக்க வேண்டும். மற்றது இந்தக் கொப்பி. ஒவ்வொரு நாளும் மூன்று கட்டம் நிரப்ப வேண்டும்: சீனி, நடை, மனம். மனம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு எழுதுங்கோ" என்றாள். கட்டம் ஒரு தீப்பெட்டி அளவுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பரின் வள்ளத்தில் ஏறினவன் நான். எழுதத் தொடங்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. மிச்சத்தைப் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

சீனி 11.2. நடை 1,900, உண்மையாக. மனம்: பிடிபட்ட கள்ளன்.

ஓகஸ்ட் 30, சனி

தேவாலயத்து வான் வண்டியில் ஒரு மணித்தியாலம் வடக்கே போனோம். பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு பலகை. கௌசி வாசித்துச் சொன்னாள்: பீவர் குளம், போக ஒன்றரைக் கிலோமீற்றர், இலகுவான பாதை, சிறுவர்களுக்கும் ஏற்றது. சிறுவர்களுக்கு ஏற்ற அந்தப் பாதைக்கு எங்கள் பத்துப் பேர் கொண்டுவந்த சாமான்: இரண்டு குளிர்ப்பெட்டி, ஒரு பாய், நாலு குடை, ரோல்ஸ், கடலை, அவித்த முட்டை. சீனி வியாதிக்காரர் பத்துப் பேருக்குக் கேக் மட்டும் மூன்று.

இராசநாயகம் அண்ணையும் அவர் மனைவி சிவபாக்கியம் அக்காவும் முன்னால் நடந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இஞ்சாருங்கோ" என்பார்கள். வேறு எவரையும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். சிவபாக்கியம் அக்கா வேர் வந்தாலும் இஞ்சாருங்கோ, கல் வந்தாலும் இஞ்சாருங்கோ. போகிற வழியில் மட்டும் முப்பத்திரண்டு தரம். வேலை இல்லாமல் எண்ணினேன்.

காட்டுக்குள் ஈரமான இடத்தில் பலகை அடித்துப் பாதை போட்டிருக்கிறார்கள். ஓர் ஆள் போகத்தான் அகலம். எனக்கு முன்னால் எங்கள் கூட்டத்துப் பெண் ஒருவர் மெல்ல மெல்லப் போனார். எனக்கு வாய் சும்மா இராது.

"அக்கா, கொஞ்சம் விலத்துங்கோ. பின்னால ஒரு பொடியன் வாறான்."

அவர் திரும்பி என்னைத் தலையிலிருந்து சப்பாத்து வரைக்கும் பார்த்தார்.

"எங்க பொடியன்?"

"நான்தான்."

"பொடியன் எத்தினையாம் ஆண்டு பிறந்தவர்?"

"எழுபது."

"நான் எழுபத்திரண்டு." விலத்தி வழி விட்டார். "கவனமா நடவுங்கோ தம்பி. பலகை வழுக்கும்."

பத்துப் பேரும் சிரித்தார்கள். இராசநாயகம் அண்ணை சிரித்த சிரிப்பில் ஒரு காகம் கிளம்பிப் போனது.

வழி விட்ட அந்தப் பெண்ணுக்கு முன்நெற்றியில் மட்டும் நரை. மா பிசைந்த விரலால் நெற்றியைத் தொட்டுவிட்ட மாதிரி.

குளம் பெரிது. தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நின்றபடியே நிற்கின்றன. பீவர் என்பது மரத்தைப் பல்லால் அரிந்து தண்ணீரில் அணை கட்டுகிற பிராணி. அது கட்டின அணை ஒரு பக்கம். அதன் வீடு நடுவில், யாரோ ஒரு லொறி விறகைக் கொட்டிவிட்டு மறந்து போன மாதிரி. பீவரை மட்டும் காணவில்லை. கரையில் அது அரிந்து போட்ட மரக்குற்றிகள் பென்சில் சீவின கணக்கில் கிடந்தன.

"அண்ணை, உங்கட பல்லுக்கு இது ஏலுமோ?" என்று இராசநாயகம் அண்ணையைக் கேட்டேன்.

"என்ர பல்லைக் கழட்டி வைச்சா, அது வந்து எடுத்துக்கொண்டு போயிடும் தம்பி. பாவம், அதுக்கும் ஒரு செற் மேலதிகமா இருக்கட்டும்."

எல்லோரும் பாய் விரித்துச் சாப்பிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் பலகைக் கரையில் நின்று தண்ணீரையே பார்த்தார். இந்த நாட்டுக்கு வந்த இருபத்துநாலு வருசமாக ஐந்து சதக் குற்றியில் இருக்கிற படத்தில்தான் பீவரைப் பார்த்திருக்கிறாராம். நான் அதைப் பன்றி என்று நினைத்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

சீனி 9.8. நடை 5,100. மனம்: நல்லம்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

அவர் பெயர் யசிந்தா. கூட நடக்கிறவர்களின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதிவைக்கிறேன். மற்ற ஆட்களின் பெயரைப் பிறகு எழுதுவேன்.

செப்ரெம்பர் 6, சனி

ஒரு பிரச்சினை.

எனக்கு நாலு தங்கச்சிமார். அப்பர் கடலோடு போன பிறகு நாலு பேரையும் கரையேற்றினது நான். கடைசித் தங்கச்சிக்குத் தாலி ஏறின அன்றைக்கு எனக்கு நாற்பத்திரண்டு வயது. பிறகு யாரும் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. இரத்தத்தில் நாலு சகோதரம் என்றால் வாயில் ஒரு இருநூறு இருக்கும். பெண் என்று கண்டால் அக்கா, இல்லாவிட்டால் தங்கச்சி. அப்படிச் சொல்லிவிட்டால் மரக்கறிக் கடையிலும் அலுவல் சுலபம், மண்டபத்திலும் அலுவல் சுலபம். ஒருவரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். நானும் நினைக்கத் தேவையில்லை.

ஆனால் பத்துப் பேர் முன்னால் ஒருவரை அக்கா என்று கூப்பிட்டால் அது ஞானஸ்நானம் கொடுத்த மாதிரி. திரும்ப வாங்க ஏலாது. இரண்டாம் கிழமை வந்து "யசிந்தா" என்றால் சிவபாக்கியம் அக்கா அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்.

அதனால் இன்றைக்கு அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய இடத்தில் தொண்டையைச் செருமினேன். செருமிவிட்டு விசயத்தைச் சொன்னேன்.

"என்ன தம்பி தொண்டையில?" என்றார் மூன்றாம் தரம்.

"தூசி."

"காட்டுக்குள்ள என்ன தூசி?"

இதில் என்ன பிரச்சினை என்று கொப்பி கேட்கலாம். பிரச்சினை ஒன்றும் இல்லை. சும்மா கூப்பிட்ட முறை பிழையாகிவிட்டது, அவ்வளவுதான்.

பீவர் வரவில்லை. சீனி 9.1. நடை 5,300. மனம்: நல்லம்.

செப்ரெம்பர் 13, சனி

யசிந்தா ஒரு பிளாஸ்க் கொண்டுவந்தார். உள்ளே மல்லித் தண்ணி, இஞ்சி தட்டிப் போட்டது. என் தொண்டைக்காம். பத்துப் பேர் பார்க்க மூடியில் ஊற்றித் தந்தார். முழுக்கக் குடித்தேன். குடித்த பிறகும் செருமினேன், வேறு வழி இல்லை. இன்னொரு மூடி தந்தார்.

குளத்தங்கரையில் அணையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பீவர் சேற்றை அள்ளி வீட்டுக் கூரைக்குப் பூசியிருந்தது. போன கிழமை அது இல்லை. மாரிக் குளிருக்கு ஆயத்தம் செய்கிறது, இந்த வருசமும் இங்கேதான் இருக்கப்போகிறது என்று கௌசி விளங்கப்படுத்தினாள்.

"அது இருக்கப்போகுது. நான்தான் இல்லை" என்றார் யசிந்தா.

கல்கரியில் மகன் இருக்கிறாராம். மருமகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகிறது. அம்மா இனி எங்களோடு வந்திருங்கோ என்று விமான ரிக்கற் அனுப்பிவிட்டார். ஒக்ரோபர் இருபது, திங்கட்கிழமை. முதியோர் இல்லத்துச் சலவை வேலையை விடுவதாகச் சொல்லியாயிற்று. குடியிருக்கிற அறைக்கும் அறிவித்தாயிற்று.

"அதுக்குள்ள ஒருக்கா இந்தப் பீவரைப் பாத்துப்போடவேணும்."

நான் செருமினேன். "கல்கரியில பீவர் இல்லையோ?"

"இருக்கும். ஆனா இது நான் பாத்து வைச்ச குளம்."

திரும்பி வரும்போது நான் நாலு பகிடி விட்டேன். நாலுக்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

சீனி 8.1. நடை 5,250. மனம்: நல்லம். இந்தக் கட்டத்தில் முதலில் வேறு ஒன்று எழுதி வெட்டியிருக்கிறேன். கௌசி கேட்டால் மை கொட்டினது.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

நேற்றுப் பின்னேரம் மண்டபத்தில் நானூறு பேர்க் கலியாணம். புரியாணிச் சட்டியை வெளியே கொண்டுவந்து வைத்தபோது சனத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "இஞ்சாருங்கோ" என்றது. சாப்பாட்டு வரிசையில் நின்ற ஆம்பிளைகளில் பதினொரு பேர் திரும்பினார்கள். பன்னிரண்டாவது நான்.

மற்ற பதினொரு பேருக்கும் திரும்ப உரிமை இருந்தது. நான் அகப்பையைத் தேடின மாதிரி பாவனை செய்தேன். அகப்பை கையிலேயே இருந்தது.

செப்ரெம்பர் 20, சனி

மழை. இன்றைக்கு நடை இல்லை என்று கௌசி விடியவே செய்தி போட்டிருந்தாள். நான் பார்க்கவில்லை. பார்த்தேன், ஆனால் பார்க்காத மாதிரி தேவாலய வாசலில் அரை மணித்தியாலம் நின்றேன். ஒருவரும் வரவில்லை. நடை 800. மனம்: ஈரம்.

செப்ரெம்பர் 27, சனி

இலையெல்லாம் நிறம் மாறிவிட்டது. மிளகாய்த்தூள் கொஞ்சம், மஞ்சள்தூள் கொஞ்சம் என்று மரத்துக்கு மரம் அளவு வேறு.

குளத்தங்கரையில் ஆட்கள் உட்கார ஒரு வாங்கு போட்டிருக்கிறார்கள். யசிந்தா ஒரு அந்தத்தில், நான் மறு அந்தத்தில், நடுவில் பிளாஸ்க். சிவபாக்கியம் அக்கா தூரத்தில் நின்று, "இஞ்சாருங்கோ, அந்தப் பக்கம் போகாதேங்கோ, இஞ்சாருங்கோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"பாவம் பீவர்" என்றேன். "தன்னைத்தான் கூப்பிடுகினம் எண்டு நினைச்சு உள்ளுக்கே இருந்திட்டுதோ தெரியாது."

யசிந்தா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மூடியைக் கையில் உருட்டினார். பிறகு சொன்னார்.

"இவர் போய் எட்டு வருசம். போன வருசம் ஒருநாள் குசினியில பைப் உடைஞ்சு தண்ணி சீறி அடிச்சுது. நான் என்ன செய்தனான் தெரியுமோ தம்பி? இஞ்சாருங்கோ, கெதியா வாங்கோ எண்டு கத்திப்போட்டன்."

நான் மூடியை வாங்கி மல்லித் தண்ணி ஊற்றினேன்.

"வீட்டில ஆர் இருக்கினம் வர. பிறகு நானே போய்ப் பூட்டினன். நிலமெல்லாம் துடைச்சுப்போட்டு யோசிச்சன். இந்தச் சொல்லை இனி வாயில எடுக்கிறேல்ல. ஆளில்லாத இடத்தில அதைச் சொல்லக்கூடாது."

இந்த இடத்தில் என்னைப்போல ஒருவன் ஒரு பகிடி விட்டிருக்க வேண்டும். எனக்கு இரண்டு பகிடி வாய்வரை வந்தது. இரண்டையும் மல்லித் தண்ணியோடு விழுங்கினேன்.

சீனி 7.6. நடை 5,200. மனம் என்ற கட்டத்தை இன்றைக்கு வெறுமையாக விடுகிறேன்.

ஒக்ரோபர் 1, புதன்

கிளினிக். கௌசி கொப்பியைப் பார்த்தாள். சீனி இறங்கின இறக்கத்துக்குக் கை தந்தாள். பிறகு பின்பக்கத்தைத் திருப்பினாள்.

"இவ்வளவும் என்ன அங்கிள்?"

"சமையல் குறிப்பு."

அவள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். விரலை வைத்துத் தொடங்கினாள். "ய... சி..."

கொப்பியைப் பறித்தேன். அவள் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ தட்டினாள். சிரிக்கிறாளா என்று முதுகைப் பார்த்தால் தெரியாது.

"அங்கிள், பீவர் காலமை வராது. பகல் முழுக்க நித்திரை. சூரியன் இறங்கிற நேரத்தில போய், ஒரு சத்தமும் இல்லாம இருந்தாத்தான் காணலாம்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை."

"நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போறது நடக்க, அங்கிள். பீவர் பாக்க இல்லை." பிறகு, "சத்தம் இல்லாம இருக்க உங்களுக்கு ஏலுமோ எண்டும் யோசிச்சன்" என்றாள்.

சூரியன் இறங்குகிற நேரம். யசிந்தாவுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் லீவு. எனக்குச் சனிக்கிழமைப் பின்னேரம்தான் கலியாணம். பத்தொன்பது வருசத்தில் ஒரு சனிக்கிழமைப் பின்னேரமும் நான் அடுப்பை விட்டு நின்றதில்லை.

ஒக்ரோபர் 4, சனி

வானுக்குள் யசிந்தா தன் வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரித்தார். சிவபாக்கியம் அக்காவுக்குத் தையல் மெஷின். இராசநாயகம் அண்ணைக்குக் கதிரை. கௌசிக்கு மாதா படம்.

"தம்பிக்கு என்ன வேணும்?"

"ஒண்டும் வேண்டாம்."

"எல்லாத்தையும் குடுத்திட்டியோ?" என்று கேட்டார் சிவபாக்கியம் அக்கா.

"புட்டுப்பானை மட்டும் இருக்கு. ஊரில இளவாலையில இருந்து அம்மா மடியில வைச்சுக் கொண்டுவந்தது. அது ஒருத்தருக்கும் இல்லை. கல்கரிக்குக் கொண்டுபோனா மருமகள் பூச்செடி வைப்பாள். என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல."

குளத்தடியில் நான் செருமிவிட்டு, பீவர் சூரியன் இறங்கும்போதுதான் வரும் என்பதைச் சொன்னேன்.

"அப்ப எனக்குக் கிடையாது" என்றார். "பின்னேரம் இஞ்ச ஆர் கூட்டிக்கொண்டு வாறது?"

"மண்டபத்து வான் இருக்கு."

"உங்களுக்குக் கலியாணமெல்லோ?"

அவர் கேட்டது மண்டபத்துக் கலியாணத்தை என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"லீவு கேட்டுப் பாப்பம்."

சீனி 7.4. நடை 5,400. மனம்: நல்லம் என்றுதான் இருக்க வேண்டும்.

ஒக்ரோபர் 8, புதன்

முதலாளி குகனிடம் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பத்தொன்பது வருசத்தில நீங்கள் லீவு கேட்டதில்லை நீக்கிலாஸ் அண்ணை. ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்ல."

"அப்ப ஊருக்குப் போறியளோ?"

"இல்லை. பீவர் பாக்கப் போறன்."

பேனாவைத் திரும்ப எடுத்தார். "டொக்ரர் சொன்னவரோ?"

"ஓம்."

வெள்ளிக்கிழமையே கறியெல்லாம் வைத்து முடிக்க வேண்டும், சனி மத்தியானம் புரியாணியைத் தம்மில் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். சரி என்றேன். பொய்க்கு டொக்ரரும் பொறுப்பு.

ஒக்ரோபர் 11, சனி

கூட்டத்தோடு கடைசி நடை. கேக் நாலு.

ஒரு பெண்ணும் ஒரு ஆணும் தனியே காட்டுக்குப் போவதென்றால் எங்கள் ஆட்கள் மூன்று மாதம் கதைப்பார்கள். அதனால் வானுக்குள் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தேன். அடுத்த சனி பின்னேரம் பீவர் பார்க்க மண்டபத்து வான் போகிறது, விரும்பினவர்கள் வரலாம். சொல்லிவிட்டு மூச்சை விடாமல் இருந்தேன். இராசநாயகம் அண்ணை கை தூக்கினார். சிவபாக்கியம் அக்கா அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

"இஞ்சாருங்கோ, அண்டைக்கு சீரியல் முடியிற கிழமை. நீங்கள் பேசாம இருங்கோ."

ஒருவருக்குக் குளிர், ஒருவருக்குக் குளிசை நேரம், ஒருவருக்குப் பேரனின் பிறந்தநாள். கடைசியில் மிஞ்சினது யசிந்தா. அவர் வெளியே பார்த்துக்கொண்டு, "நான் மட்டும் போறதெண்டா சரியில்லை, விடுங்கோ" என்றார்.

"என்ன சரியில்லை?" என்றார் சிவபாக்கியம் அக்கா. "நீ போட்டு வா. ஆர் என்ன கதைக்கப்போகினம். அக்காவும் தம்பியும்தானே."

வானில் எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். நான் எல்லோரையும் விடப் பெரிதாக ஓம் என்றேன்.

சீனி 7.3. நடை 5,000. மனம்: எந்தச் சொல் கதவைச் சாத்தினதோ அதுவே யன்னலைத் திறந்துவிட்டிருக்கிறது. இந்தக் கட்டத்துக்குள் இது அடங்கவில்லை.

ஒக்ரோபர் 15, புதன்

சொல்ல வேண்டியதை மண்டபத்துக் குளிர் அறைக்குள் நின்று சொல்லிப் பார்த்தேன். "நீங்கள் போனாப் பிறகு எனக்குச் சனிக்கிழமை இருக்காது." அவ்வளவுதான். உரித்துத் தூக்கின நாற்பது கோழி கேட்டுக்கொண்டிருந்தன. ஒன்றும் மறுக்கவில்லை.

ஒக்ரோபர் 18, சனி

புரியாணியைத் தம்மில் போட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினேன். குளித்து, சேர்ட் மாற்றி, தங்கச்சி போன நத்தார் பண்டிகைக்குத் தந்த புதுச் சப்பாத்தைப் போட்டேன். வானில் மட்டும் கறி மணம் போகவில்லை. யசிந்தா ஏறினவுடன் மூக்கைச் சுருக்கினார்.

"ஆட்டிறைச்சியோ?"

"நேற்றையான். மன்னிக்கவேணும்."

"பசிக்குது எண்டு சொல்ல வந்தனான்."

ஐந்தேகாலுக்குக் குளம். பாதையில் ஒரு மனிதர் இல்லை. கூட்டத்தோடு வந்த நாட்களில் காட்டுக்கு இவ்வளவு சத்தம் இருக்கிறது என்று தெரியாது. இலை விழுகிற சத்தம்கூடக் கேட்டது. வாங்கில் இருந்தோம். நடுவில் பிளாஸ்க். கௌசி சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. நாற்பது நிமிடம். என் சீவியத்தில் முழித்துக்கொண்டு நான் பேசாமல் இருந்த மிக நீண்ட நேரம் இதுதான். அம்மாவின் செத்தவீட்டில்கூட இவ்வளவு நேரம் இருக்கவில்லை.

தண்ணீர் முதலில் வெள்ளி, பிறகு செம்பு, பிறகு அடிப்பிடித்த சட்டி நிறம்.

அப்போது வீட்டுப் பக்கத்தில் தண்ணீர் இரண்டாகக் கிழிந்தது. ஒரு சின்னத் தலை, கறுப்பாக, நேராக எங்கள் பக்கம் வந்தது. வாயில் ஒரு கொப்பு, இலையோடு. கரையோரம் வந்து, திரும்பி, அதை இழுத்துக்கொண்டு வீட்டடிக்குப் போய், தண்ணீருக்குள் தாண்டது. கொப்பும் கூடவே தாண்டது. திரும்ப வந்தது. இன்னொரு கொப்பு. மூன்று தரம். யசிந்தா என் சேர்ட் கையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று தெரியாது.

நாலாம் தரம் அது வரும்போது, இப்போது சொல்லாவிட்டால் இனி இல்லை என்று நினைத்து வாயைத் திறந்தேன். முதலில் வந்தது தொண்டைச் செருமல்.

பீவர் வாலால் தண்ணீரில் ஒரு அடி அடித்தது. மண்டபத்தில் யாரோ தட்டத்தைப் போட்டுடைத்த மாதிரி. பிறகு குளத்தில் வட்டம் மட்டும்தான் இருந்தது.

"கலைச்சுப் போட்டியள்" என்றார் யசிந்தா.

"தொண்டை."

"உங்களுக்குத் தொண்டையில ஒண்டும் இல்லை." கையை எடுத்து மடியில் வைத்தார். "ஏழு கிழமையா நீங்கள் என்னை ஒண்டும் சொல்லிக் கூப்பிடேல்ல. செருமிறியள். நான் கவனிக்கேல்ல எண்டு நினைச்சியளோ?"

"முதல் நாள் ஒரு பிழை விட்டிட்டன்."

"என்ன பிழை?"

"அக்கா எண்டது."

"ஏன், வயசு கணக்குப் பிழைச்சதாலயோ?"

"இல்லை."

குளிர் அறைக்குள் சொல்லிப் பார்த்ததை நான் சொன்னேன். கோழிகளுக்குச் சொன்ன அளவு வடிவாக வரவில்லை, பாதியில் பீவர் என்ற சொல்லும் தேவையில்லாமல் வந்துவிட்டது. ஆனால் சனிக்கிழமை என்பது வந்தது.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "அந்த மழைச் சனி நீங்கள் கோயில் வாசல்ல நிண்டியள்" என்றார்.

"நீங்கள் எப்பிடிக் கண்டனீங்கள்?"

"பஸ்ஸுக்குள்ள இருந்து."

"இறங்கேல்லையே?"

"குடை இல்லை." பிளாஸ்க் மூடியை இறுக்கிக்கொண்டு, "குடையும் இருந்தது" என்றார்.

பிறகு எழும்பி, பிளாஸ்க்கைப் பைக்குள் வைத்தார். "மகன் ரிக்கற் எடுத்திட்டான். பிள்ளை பிறக்கப்போகுது. நான் திங்கட்கிழமை போகத்தான் வேணும். இருட்டுது, நடவுங்கோ."

சரி. அது நியாயமான பதில். நான் ரோச் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பலகைப் பாதை. இரண்டு பக்கமும் சேறு. பின்னால் அவருடைய காலடி. நான் ஒரு பகிடி யோசித்துக்கொண்டிருந்தேன், வான் வரைக்கும் அவரைச் சிரிக்கவைக்க. ஒன்றும் அகப்படவில்லை. பின்னால் காலடி நின்றது.

"இஞ்சாருங்கோ."

காட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்களா என்று முதலில் ரோச்சை அடித்துப் பார்த்தேன். மரம்தான்.

"ஆரைக் கூப்பிட்டனீங்கள்?" என்றேன், முன்பக்கமே பார்த்தபடி.

"இஞ்ச வேற ஆர் இருக்கினம், பீவரையோ? இஞ்சாருங்கோ, உங்களைத்தான்."

திரும்பினேன். கெதியாகத் திரும்பிவிட்டேன். பலகை வழுக்கும் என்று ஓகஸ்ட் முப்பதாம் திகதியே அவர் சொல்லியிருந்தார். இடது கால் பலகையை விட்டு இறங்கி முழங்கால் வரைக்கும் சேற்றுக்குள் போனது. அவர் கத்தவில்லை. நான் அசையவில்லை. சொல்ல வந்ததை அவர் சொல்லி முடித்தார்.

"அந்தப் புட்டுப்பானை. வைகாசியில நான் திரும்பி வருமட்டும் வைச்சிருக்க உங்கட வீட்டில இடமிருக்கோ?"

இருக்கு என்றேன்.

அவர் கை தந்து இழுத்தார். கால் வந்தது. சப்பாத்து வரவில்லை. தடியால் கிண்டினோம். குளத்தின் வேறு ஒரு பக்கத்தில் தண்ணீர் ஒருதரம் அசைந்தது.

சீனி 6.9. நடை 5,600, அதில் கடைசி 1,700 ஒரு சப்பாத்தோடு. மனம்: இடது சப்பாத்து, பத்தாம் நம்பர், கறுப்பு, ஒருதரம்தான் போட்டது. பீவர் அதைத் தன் அணைக்குப் பாவிக்கும் என்று யசிந்தா சொல்கிறார்.